அப்பாச்சி: கத்தாமல் மாறினால்தான் ஆபத்து

திறமூல மென்பொருள் இலவசம்தானே, புதுப் பதிப்பு வந்ததும் இறக்கிப் போட்டுக்கொள்ள என்ன தயக்கம் என்று பலர் கேட்பதுண்டு. அப்பாச்சி வலை வழங்கியின் கதையே இதற்குப் பதில்.

அப்பாச்சி 2.0 பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2002 ஏப்ரலில். ஆனால் பழைய 1.3 வரிசையின் கடைசி வெளியீடு வந்தது 2010-ல்! கிட்டத்தட்ட எட்டு வருடம் இரண்டும் கூடவே ஓடின. இதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. 1.3-க்கு எழுதிய மாட்யூல்கள் 2.0-ல் அப்படியே ஓடாது, திருத்தி எழுத வேண்டும். போதாக்குறைக்கு, த்ரெட் முறையில் ஓடும் அப்பாச்சியோடு பிஎச்பி-யைச் சேர்க்க வேண்டாம் என்று பிஎச்பி தரப்பே எச்சரித்தது. பிஎச்பி நம்பியிருக்கும் லைப்ரரிகள் எல்லாம் த்ரெட்டுகளைத் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை வைத்து யார் சூதாடுவார்கள்?

2012-ல் 2.4 வந்தபோது இந்தப் பாடத்தைப் பாதி கற்றிருந்தார்கள். யாரை உள்ளே விடுவது என்று சொல்லும் 'ஆர்டர்', 'அலவ்', 'டினை' கட்டளைகளுக்குப் பதில் 'ரிக்வயர்' வந்தது. பழையதை எழுதி வைத்தவர்களுக்காக 'மாட் ஆக்சஸ் காம்பேட்' என்ற மாட்யூலையும் கொடுத்தார்கள். அதை ஏற்றாவிட்டால், 'ஆர்டர்' என்ற கட்டளை தெரியாது என்று சொல்லி வழங்கி கிளம்பவே மறுக்கும். எரிச்சல்தான். ஆனால் தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிடுகிறதே!

அதே பதிப்பில் இன்னொன்றும் மாறியது. 'அலவ்ஓவர்ரைடு' என்ற அமைப்பைக் குறிப்பிடாமல் விட்டால் 2.2-ல் 'ஆல்' என்று பொருள், 2.4-ல் 'நன்'. அதாவது ஃபோல்டருக்குள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பை வழங்கி படிக்கவே படிக்காது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபோல்டர் ஃபோல்டராக அந்தக் கோப்பைத் தேடுவது வேகத்தைக் குறைக்கும் என்பதால் மாற்றத்தில் நியாயம் உண்டு. ஆனால் கையால் சுருக்கமாக அமைவுக் கோப்பு எழுதி, கடவுச்சொல் பூட்டை மட்டும் எச்டிஆக்சஸில் வைத்தவர் கதி? மேம்படுத்திய பின் தளம் அழகாகத் திறக்கும். பூட்டிய ஃபோல்டரும் திறக்கும், எல்லோருக்கும்!

மேம்படுத்தல் குறிப்பில் இது எழுதியிருக்கிறது, உண்மைதான். அதை எத்தனை பேர் கடைசிவரை படிக்கிறார்கள்? கிளம்பும்போது பதிவுக் கோப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை வரி போட்டிருக்கலாம். அதுவரை, மேம்படுத்தும் முன்பே 'அலவ்ஓவர்ரைடு' வரியைத் தானே எழுதி வைப்பதும், மேம்படுத்திய கையோடு பூட்டிய ஃபோல்டரைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து பார்ப்பதும் தளம் நடத்துபவரின் வேலை.