அறுபத்தேழு வரை தாங்காத முதுகுகள்

நோர்வேயில் ஓய்வூதிய வயது 1973இல் 70இலிருந்து 67 ஆனது. 2011இல் ஓய்வூதியத்தை 62 வயதிலேயே எடுக்க வழி வந்தது. ஸ்தவாங்கரின் எண்ணெய்க் கம்பனிகளில் இருக்கும் நம் தமிழர்கள் இதைச் சொல்லி மகிழ்ந்தபோது நாம் எல்லோரும் தலையாட்டினோம்.

ஆனால் 62இல் எடுக்க ஒரு நிபந்தனை உண்டு. உழைத்துச் சேர்த்த ஓய்வூதியம், 67 வயதில் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகாதபடி இருக்க வேண்டும். நல்ல சம்பளக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை. விடியமுன் பஸ் பிடித்து அலுவலகம் துடைக்கப் போகும் அக்காவுக்குப் பெரும்பாலும் அந்தக் கதவு திறக்காது. வாளி தூக்கி முதுகு போனவர் காத்திருக்க, நாற்காலியில் இருந்தவர் முதலில் வீட்டுக்குப் போகிறார். இதை நாம் ஒரு சங்கக் கூட்டத்திலாவது பேசினோமா? கலைவிழா மண்டபத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம்.

குறைந்தபட்ச ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க இங்கே 40 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். எண்பதுகளில் வந்து வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றவர், வரும்போது 35 வயதென்றால், 67இல் அவருக்கு 32 வருடம்தான். முதுமையில் வந்த அம்மாமார் நிலை இன்னும் மோசம். பேரப்பிள்ளை பார்க்க நாம்தானே கூப்பிட்டோம்! ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பராமரிப்பதற்கு ஓய்வூதியக் கணக்கில் வரவு உண்டு, அது பெற்றோருக்கு. வளர்த்த அம்மம்மாவுக்கு, 2006இல் வந்த துணை உதவித்தொகைதான். அதற்கும் வருமானம், சொத்து எல்லாம் பார்ப்பார்கள். வருடத்தில் 90 நாளுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் நின்றால் அதுவும் நிற்கும்.

வயது எல்லையே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. உன் வறுமையைக் காட்டு என்று கேட்காமல் பிறந்த தேதியை மட்டும் பார்ப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஸ்தவாங்கர் நகரசபை 2023 ஜூலையில், நகரவாசிகளுக்கு வயது பாராமல் பஸ்ஸை இலவசமாக்கியபோதும், வறுமையைக் காட்டச் சொல்லாத அந்த மரியாதை இருந்தது. ஆனால் எல்லா உடம்பும் ஒரே வேகத்தில் தேயாது. அதைச் சட்டம் செய்பவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். மொழி தெரிந்த பிள்ளைகளைப் பொறியியலாளராக்கினோம், பெற்றோருக்கு நாவ் எனப்படும் நலத்துறை அலுவலகத்தின் கடிதத்தை வாசித்துச் சொல்லக்கூடப் பழக்கவில்லை.

1964இலும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்கு வயது எல்லையைப் படிப்படியாக உயர்த்த 2024இல் பெரும்பாலான பாராளுமன்றக் கட்சிகள் உடன்பட்டன. அந்த வயதுக்காரர் நம்மிடையே நிறையப் பேர். அடுத்த முறை அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, துடைப்பம் பிடித்தவர்களையே கூட்டி உட்கார வைத்து, அவர்கள் சொல்வதை நோர்வேஜிய மொழியில் எழுதி அனுப்புங்கள்.