சமையல்கட்டில் கேட்ட பெரியார்



பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17-ஐ ஒட்டி வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கலை விழா நடத்தினார்கள். பறையாட்டம், வீதி நாடகம், ஓவியப் போட்டி, புத்தகக் கடை, படக் கண்காட்சி என்று ஏகப்பட்டது. ஏழாவது படிக்கும் என் மகளும் இரண்டு மாதம் பறை பழகி ஆடினாள்.

நான் சாமி கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் இருக்க மாட்டேன். "கடவுள் இல்லேன்னவரு விழாவுக்கா போறே? அதுவும் சாவு வீட்டு மேளத்தைப் பொம்பளப் புள்ள அடிக்கிறதா?" என்று கேட்ட என் மாமியார், பேத்தி ஆடும்போது முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆகவே விழாவைப் பழிக்க நான் எழுதவில்லை. ஒரு விஷயம்தான் உறுத்துகிறது.

இரண்டு நாளும் இருநூறு பேருக்குச் சாப்பாடு. சமைத்தது பிள்ளைகளின் அம்மாக்களாகிய நாங்கள். சனிக்கிழமை மதியம் பெண் விடுதலை பற்றிக் கருத்தரங்கம். மேடையில் ஐந்து ஆண்கள், ஒரே ஒரு பெண். நாங்கள் பின்கட்டில் வெங்காயம் உரித்தபடி ஒலிபெருக்கியில் கேட்டோம். அடுப்படியை விட்டுப் பெண்கள் வெளியே வரவேண்டும் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசிக் கொண்டிருக்கும்போதே ஒரு தம்பி ஓடி வந்து, "அக்கா, மேடைக்கு ஆறு டீ வேணும், சீக்கிரம்" என்றான். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீயும் போட்டுக் கொடுத்தோம், வேறென்ன செய்ய?

ஞாயிறு மாலை பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கண்காட்சிப் பக்கம் போக முடிந்தது. அதற்குள் பாதிப் படங்களைக் கழற்றிவிட்டார்கள். 1924-ல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தில் அவர் மனைவி நாகம்மையாரும் கலந்து கொண்டதை ஒரு அட்டையில் படித்தேன். இன்னொரு அட்டையில், 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதாக இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். இந்தியா முழுவதற்கும் வந்தது 2005-ல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அறுபது வருடம்!

அந்த அட்டை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வாரம்தான் என் அண்ணன் வீட்டுக்கு வந்து, "அம்மிணி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும்" என்று பத்திரம் தயார் செய்வதைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. பாட்டன் காலத்து நிலம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்றே, பங்கு ஏது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பங்கை விட்டுக் கொடுக்கும் அந்தப் பத்திரத்துக்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ!

வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் பண்ணி அழுகிறார். பொறந்த வீட்டுக் கதவு சாத்திவிடுமோ என்று எனக்கும் பயம்தான். கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா, இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் விட்டுக் கொடுப்பதாக இருந்தாலும், எதை விடுகிறோம் என்று தெரிந்துதானே விடவேண்டும்? எங்கள் வீட்டுக்காரர் இதில் வாய் திறக்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

என்னோடு வெங்காயம் உரித்த பன்னிரண்டு பேரில் அந்த அட்டையைப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ராத்திரி தோசை ஊற்ற வேண்டுமே என்று கிளம்பிவிட்டார்கள். 'பெரியார்' என்ற பட்டத்தையே 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் கொடுத்ததாம். பேர் வைத்தவர்கள் பின்கட்டில் இருக்கலாமா?

விழாக் குழு அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாவை வருடா வருடம் நடத்துங்கள், நாங்களும் வருகிறோம். ஆனால் அடுத்த முறை ஒரு நாள் சமையலை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். முடியாதென்றால் சமையல்காரரை வையுங்கள், செலவில் எங்கள் பங்கையும் தருகிறோம். அந்தப் படங்களைச் சனிக்கிழமை காலையே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி வையுங்கள்.

- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்