சந்தனம் யாருக்குக் குளிர்ச்சி?

சந்தனம் குளிர்ச்சி என்கிறார்கள். வேர்க்குருவுக்குப் பூசு, சூட்டுக்கட்டிக்குப் பூசு, தலைவலியா, பன்னீரில் இழைத்து நெற்றியில் பற்றுப் போடு. வைத்தியம் எல்லாம் சரி. யார் நெற்றியில்? அதைத்தான் நான் கேட்கிறேன்.

ஓசூர்ப் பக்கம் கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைத்திருப்பார்கள். ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறவன் பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்டிருப்பான். போனால், கிண்ணத்தை நீட்டுகிற கை நம்மைக் கண்டதும் வேற பக்கம் திரும்பிக்கும். எனக்கும் திரும்பியிருக்கிறது. எம்.ஏ. தமிழ் அந்தக் கைக்குத் தெரியாது, சாதி தெரியும். சிப்காட் வந்தால் சாதி போகும் என்றார்கள். எங்கே போச்சு?

நமக்கு மருந்து தெரியாதா? சூடு பட்டால் சோற்றுக்கற்றாழை, சளிக்கு நொச்சித்தழை ஆவி, பிள்ளை பெற்றவளுக்கு வேப்பிலையும் மஞ்சளும். அரைத்துப் பூசினது நம்ம கிழவிகள். ஊர்த்தெரு வீடுகளுக்கும் போய்ப் பிள்ளை எடுத்தது அவர்கள்தான். தொப்புள்கொடி அறுக்கிறவரைக்கும் அந்தக் கை வேணும், அறுத்ததும் தீட்டு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை இங்கே எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இதெல்லாம் வேலியோரத்தில் முளைக்கிறது. சந்தனம் அப்படியில்லை, அது அதிகாரத்தின் மரம். 1792இல் திப்பு அதை அரசுக்கே உரிய மரம் ஆக்கினார். அப்புறம் மைசூர் ராஜாக்கள். 1916இல் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்க ஆரம்பித்தது, பின்னாடி சோப்பும் வந்தது. அத்திப்பள்ளி தாண்டினால் அந்த ராஜ்ஜியம், இந்தப் பக்கம் தமிழ்நாட்டு வனத்துறை. இன்றைக்கும் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தை வெட்டக்கூட வனத்துறையைக் கேட்கணும். வாசனை அரண்மனைக்கும் கோயிலுக்கும் போனது. மரத்தடியில் வாழ்ந்தவனுக்குக் கிடைத்தது திருடன் என்ற பட்டம்.

சந்தனம் என்றால் பத்திரிகைக்காரர்களுக்கு வீரப்பன். எனக்கு வாச்சாத்தி.

கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். அதற்கு முன் ஓசூரும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டம். சித்தேரி மலையடிவாரத்து மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. அடித்தார்கள், வீடுகளை இடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 19 வருசம். அதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29இல் மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் இந்த வேட்டை நடந்தது என்றும் சொன்னது.

ஆக, கட்டை யாரிடம் போனது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அடி வாங்கினது மட்டும் மலை சனங்கள்.

மரம் வளர்க்கிறவர்களைக் கேளுங்கள், சந்தனம் தனியாக வளராது என்பார்கள். பக்கத்துச் செடியின் வேருக்குள் தன் வேரை விட்டு உறிஞ்சித்தான் வளரும். மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதே மாதிரி வளர்ந்த சாதியின் மேல்தான்.

‘அது பழங்குடிப் பிரச்சினை, நமக்கென்ன’ என்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006ஆம் வருச வன உரிமைச் சட்டம் மூலிகை, வேர், தேன், பிசின் எல்லாவற்றிலும் காட்டு மக்களுக்கு உரிமை என்கிறது. மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டுக்குள் இருந்து காட்டை நம்பிப் பிழைத்த மற்றவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அந்த ‘மற்றவர்களில்’ நம்ம சனங்களும் வருவார்கள். வெட்டுமரம் இதில் சேராது, அதனால் சந்தனக்கட்டைக்காக வேறு சண்டை போட்டாகணும். முதலில் எழுதிக் கொடுத்த உரிமையையாவது வாங்குவோம். அதற்குக் கிராமசபையில் மனுப் போடணும். மனுப் போட ஆளுக்கு விசயம் தெரியணும்.

சந்தனக் கிண்ணத்தை நமக்கும் நீட்டு என்று கெஞ்சுவது என் வேலை இல்லை. காடு யாருடையது என்று கேட்பதுதான் வேலை. அதனால் தோழர்களே, அடுத்த கூட்டத்தை ஓசூர் மண்டபத்தில் போட வேண்டாம். அஞ்செட்டியில் போடுங்கள். சட்டத்தை வரிவரியாகப் படித்துக் காட்ட நான் வருகிறேன்.