எட்டாம் இடமும் ஐந்தாம் வேற்றுமையும்

மாதவரத்திலிருந்து பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கம் ஒன்றும் தொலைதூரம் அல்ல. மூலக்கடை, பெரம்பூர், புளியந்தோப்பு, சூளை என்று வரிசையாகக் கடந்தால் வந்துவிடும். ஆனால் கண்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஏழரை மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுவோம். போகும்போது பேச்சு பலவிதமாக இருக்கும்: யார் ஆடுகிறார், யாருக்குக் காயம், எதிரணியின் இடதுபுறம் பலவீனமா என்றெல்லாம். தோற்றுத் திரும்பும்போது பேச்சு ஒன்றே ஒன்றுதான். பயிற்சியாளரை மாற்ற வேண்டும். சூளையில் ஆரம்பிக்கும் இந்த வாதம், மூலக்கடை வருவதற்குள் ஒருமனதான தீர்மானமாகிவிடும். பல ஆண்டுகளாக அத்தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்கள் என்ற முறையில், இப்போது அதை மறுபரிசீலனை செய்ய விரும்புகிறோம்.

முதலில் பெயர். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நம் ஊர் அணிக்குச் 'சென்னையின் எஃப்.சி.' என்று பெயர் வைத்தார்கள். வேற்றுமை உருபோடு பெயர் சூட்டிக்கொண்ட கால்பந்து அணி உலகில் வேறு உண்டா என்று எங்களுக்குள் நீண்டநாள் வேடிக்கைப் பேச்சு உண்டு. சென்னைக்கு உரியது என்ற பொருளில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் இலக்கணப்படி உடைமைப் பொருளுக்குரிய ஆறாம் வேற்றுமை உருபு 'அது'. 'இன்' அங்கே சாரியையாகத்தான் வந்து நிற்கும். 'இன்' உருபாகவே வருவது ஐந்தாம் வேற்றுமையில், அதன் பொருள்களில் முதன்மையானது நீங்கல். சென்னையிலிருந்து நீங்குதல். அணியின் பயிற்சியாளர் பட்டியலைப் பார்த்த பிறகு, பெயர் வைத்தவர் தமிழ் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டோம்.

பட்டியல் இது. 2014 முதல் 2016 வரை மார்கோ மாத்தராஸி. 2017இல் ஜான் கிரிகோரி. 2019 நவம்பர் இறுதியில் அவர் விலக, ஓவன் கொய்ல். 2020இல் சாபா லாஸ்லோ. 2021இல் போஷிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் ஐந்து கோல்கள் வாங்கித் தோற்றபின் அவரும் போக, எஞ்சியிருந்த சில ஆட்டங்களுக்கு மட்டும் நம்மூர்க்காரர் சையது சாபிர் பாஷா. அடுத்துத் தாமஸ் பிரதாரிச். 2023இல் மீண்டும் கொய்ல். 2025இல் அவரும் விலகி, கிளிஃபோர்டு மிராண்டா. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி, கோவா என்று உலகப்படத்தையே ஒரு சுற்று சுற்றிவந்துவிட்டோம்.

இதில் நடுவிலுள்ள மூன்று பருவங்களை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். 2020-21, லாஸ்லோவின் கீழ் எட்டாம் இடம். 2021-22, பாந்தோவிச்சும் பாஷாவுமாக எட்டாம் இடம். 2022-23, பிரதாரிச்சின் கீழ் எட்டாம் இடம். லீக்கில் அப்போது பதினோரு அணிகள். ஒருவர் தற்காப்பை இறுக்கிக் கட்டியவர், இன்னொருவர் முன்னேறி அழுத்தம் கொடுக்கச் சொன்னவர். குணம், மொழி, ஆட்டமுறை எல்லாம் வேறு வேறு. விளைவு மட்டும் அச்சுப்பிசகாமல் எட்டு. மாத்திரையை மூன்று முறை மாற்றியும் காய்ச்சல் அதே அளவில் நின்றால், எந்தத் தாயும் நான்காவது மாத்திரையைத் தேடுவதற்கு முன் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று பார்ப்பாள். எங்கள் மூலக்கடைத் தீர்மானத்தில் அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

பொறுமை காத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எளிய பதிலைச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. வரலாறு அவ்வளவு வசதியாக நம் பக்கம் நிற்பதில்லை. 2015இல் பருவத்தின் பாதிக்குமேல் கடந்தபிறகும் அணி புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தது. மாத்தராஸியை நீக்கவில்லை. டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கிக் கிடந்தபோது, சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவின் இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களின் இரண்டு கோல்களால் 3-2 என்று கோப்பையை எடுத்துவந்தார்கள். தண்ணீர் வடியாத தெருக்களில் இருந்த எங்களுக்கு அந்த இரவு என்னவாக இருந்தது என்பதைச் சொன்னால் மிகையாகப் படும், விட்டுவிடுகிறோம். இது பொறுமைக்குச் சான்று.

ஆனால் 2018-19? முந்தைய மார்ச்சில் பெங்களூருவில் கோப்பை வென்ற அதே கிரிகோரியின் அணி, அந்தப் பருவத்தில் வெறும் ஒன்பது புள்ளிகளோடு பத்தாவதும் கடைசியுமான இடத்தில் முடிந்தது. அப்போதும் அவரை நீக்கவில்லை. அடுத்த பருவமும் தள்ளாட்டமாகவே தொடங்கியது. அவர் விலகி, டிசம்பரில் கொய்ல் வந்ததும் அதே வீரர்கள் வேறு மனிதர்களைப்போல ஆடினார்கள். அடிமட்டத்திலிருந்து இறுதியாட்டம் வரை போனார்கள். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தில் ஆளே இல்லாத கோவா அரங்கில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆக, மாற்றம் பலன் தந்ததும் உண்டு.

எனவே எங்கள் கேள்வி மாற்றலாமா கூடாதா என்பதல்ல. ஒரு பயிற்சியாளர் போகும்போது அவரோடு என்னவெல்லாம் போகிறது என்பதுதான். கொய்ல் 2020இல் ஜாம்ஷெட்பூர் போனார். அந்தப் பருவத்தில் பதினைந்து கோல்கள் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே ஜாம்ஷெட்பூர் போனார். ஒரே ஆளை இழக்கவில்லை, ஓர் ஆட்டமுறையை அதன் முதுகெலும்போடு இழந்தோம். 2021-22இல் கொய்ல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் கேடயத்தை வென்று கொடுத்தபோது, நாங்கள் எட்டாம் இடத்திலிருந்து கைதட்டினோம்.

புதிதாக வருபவர் தமக்குப் பழக்கமான வெளிநாட்டு வீரர்களைக் கேட்கிறார், அது இயல்பு. அவர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். அவர் போனதும் அடுத்தவர் வேறு நான்கு பேரைக் கேட்கிறார். லீக்கின் ஆரம்பத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் நிற்கலாம். அந்தக் கணக்கில் கோப்பையை ஓரளவு கடையில் வாங்க முடிந்தது. 2017இலிருந்து ஐந்து, 2021இலிருந்து நான்கு. இப்போது பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். ஆகவே ஓர் அணியின் தரம் என்பது அந்த ஏழு பேரின் தரம். அவர்களை வளர்ப்பது ஐந்தாண்டு, பத்தாண்டு வேலை. ஓராண்டு ஒப்பந்தக்காரருக்கு அதில் என்ன அக்கறை இருக்க முடியும்? வெயில் காலத்தில் கூரை மாற்றச் சொன்னால் வாடகைக்கு இருப்பவர் மாற்றுவாரா?

இதைப் படிப்பவர்களுக்குச் சிற்றிதழ் உலகம் பழக்கமானது என்பதால் இந்த ஒப்பீடு. 'மணிக்கொடி' 1933இல் அரசியல் வார இதழாகத் தொடங்கி, 1935இல் பி.எஸ். ராமையாவின் கைக்கு வந்தபோது சிறுகதை இதழாக மாறியது. அந்த ஆசிரியர் மாற்றம் இல்லையென்றால் நமக்குப் புதுமைப்பித்தனின் காலகட்டமே வேறுவிதமாக இருந்திருக்கும். மறுபக்கம், சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை ஒற்றை ஆளாக 119 'எழுத்து' இதழ்களைக் கொண்டுவந்தார். ஒன்றில் மாற்றம், மற்றொன்றில் தொடர்ச்சி. ஆனால் இரண்டிலும் கவனிக்க வேண்டியது, எழுதியவர்கள் கூடவே இருந்தார்கள் என்பது. ஆசிரியர் மாறும்போதெல்லாம் எழுத்தாளர் கூட்டத்தையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்திருந்தால் எந்த இதழும் மூன்றாவது இலக்கத்தைத் தாண்டியிருக்காது. (செல்லப்பா புத்தகங்களைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்ற கதையைக் கால்பந்து அணி உரிமையாளர்களிடம் எதிர்பார்க்கவில்லை, பயப்பட வேண்டாம்.)

எங்கள் பக்கத்து மைதானங்களில் நிலைமை நேரெதிர். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் பயிற்சியாளர் மாறுவதே இல்லை. மாதவரத்தில் நாங்கள் ஆடிய காலத்தில் விசில் ஊதிய அண்ணன் ஒருவர் இன்றும் விசில் ஊதுகிறார். காலையில் வேலை, மாலையில் மைதானம். சம்பளம் கிடையாது, ஆகவே அவரை நீக்கவும் முடியாது. மூன்று தலைமுறைப் பையன்களின் வலதுகால் இடதுகால் பலமெல்லாம் அவர் நினைவில் இருக்கிறது. எந்தக் கோப்பிலும் கிடையாது. எந்தப் பெரிய அணியிலிருந்தும் ஒருவரும் வந்து அவரைக் கேட்டதும் கிடையாது. ('பிகில்' படத்தில் கத்திக்குத்துப்பட்ட பயிற்சியாளருக்குப் பதிலாக வடசென்னை ரவுடி ஒருவர் பொறுப்பேற்று நேராகக் கோப்பைக்கு அழைத்துப்போவார். நம் சினிமாவும் உரிமையாளர்களைப் போலவே யோசிக்கிறது: ஆளை மாற்று, கோப்பை வரும்.)

இப்படிப்பட்ட மைதானத்திலிருந்து வந்தவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். 2018 மார்ச் 13 அன்று நேரு விளையாட்டரங்கில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் தலையால் முட்டி அடித்த கோல், எங்களில் பலருக்கு இறுதியாட்டத்தின் மூன்று கோல்களைவிடப் பெரியது. அது புளியந்தோப்பு வழியாக நாங்கள் வரும் அதே பாதையில் வந்த கோல். பிறகு காயம் அவரை ஒதுக்கிவிட்டது, அதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் அந்தப் பாதையில் வரிசை ஏன் இல்லை என்று கேட்கலாம். சென்னையில் வளர்ந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் துராந்த் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோலுக்குக் கொல்கத்தாவின் பாதி நகரம் கொண்டாடியது. கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் பெயர் பெற்றது ஜாம்ஷெட்பூரில். பிள்ளைகள் நம்முடையவர்கள், கோல்கள் பிறருடையவை. மறுபடியும் ஐந்தாம் வேற்றுமை.

சாபிர் பாஷாவின் கதைக்கு வருவோம். இந்தியன் வங்கிக்காகவும் இந்தியாவுக்காகவும் ஆடிய முன்கள வீரர். வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப். அணிகள் சென்னைக் கால்பந்தைத் தாங்கிய காலத்தின் வாரிசு. கிரிகோரியின் கோப்பைப் பருவத்தில் துணைப் பயிற்சியாளர். நகரத்தின் ஒவ்வொரு மைதானமும் அறிந்தவர். அவருக்குக் கிடைத்தது, பருவம் கைவிட்டுப்போன பிறகான சில வாரங்கள். வீடு பற்றி எரியும்போது சாவியைக் கொடுப்பதைப் போல. இந்தியப் பயிற்சியாளர் என்றாலே 'இடைக்கால' என்ற அடைமொழி ஒட்டிக்கொள்ளும் வழக்கம் நம் அணிக்கு மட்டும் உரியதல்ல. முந்தைய ஆண்டு கீழிறங்கியும் மறுவாய்ப்பு பெற்ற ஐஸால் அணியை 2017இல் ஐ-லீக் வாகையராக்கியவர் காலித் ஜமீல். அவரே நார்த் ஈஸ்ட் அணியில் முதலில் இடைக்காலமாகத்தான் நின்றார். 2025 ஆகஸ்டில் அவரை இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். அப்பதவிக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் இந்தியர். இதே நாட்டில்தான் சையது அப்துல் ரஹீம் 1950 முதல் 1963இல் இறக்கும்வரை பொறுப்பிலிருந்து, 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1956 மெல்போர்னில் நான்காம் இடத்தையும் வாங்கித் தந்தார் என்பது நமக்கே புராணம்போல் ஆகிவிட்டது.

மிராண்டாவின் நியமனத்தை எங்களில் சிலர் சிக்கனம் என்றார்கள். இருக்கலாம். 2010இல் போடப்பட்ட பதினைந்தாண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்திவைப்பதாக அறிவித்த சூழலில் எந்த உரிமையாளரும் பணத்தை எண்ணித்தான் செலவழிப்பார். 2023இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தவர் என்ற தகுதி, மலிவானவர் என்பதால் குறைந்துவிடாது. உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் நாங்கள் மறுக்கவில்லை. கோவையைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணியை நினைவில் வைத்திருக்கிறோம். சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ் 2019 மார்ச்சில் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி ஐ-லீக் வென்ற அணி அது. அதன்பின் இரண்டே பருவங்கள் ஆடிவிட்டுத் தேசிய லீக்கிலிருந்தே மறைந்தது. நல்ல பயிற்சியாளர் இருந்தும் நிர்வாகம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அங்கே பார்த்துவிட்டோம்.

எனவே மூலக்கடைத் தீர்மானத்தில் ஒரு திருத்தம் கொண்டுவருகிறோம். பயிற்சியாளர் வரட்டும், போகட்டும். ஆனால் ஒருவர் வருவதை அறிவிக்கும் அதே தாளில், அவருக்குக் கீழே யார் தொடர்கிறார்கள், பயிற்சிக் கூடத்திலிருந்து எத்தனை பையன்கள் அவருடைய முப்பது பேர் பட்டியலில் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே இருந்து வருகிறார்கள் என்பதையும் நிர்வாகம் எழுதட்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. மாலை ஐந்து மணிக்கு மாதவரத்துக்கு ஓர் ஆளை அனுப்பினால் போதும். விசில் சத்தம் கேட்கும் திசையில் வந்தால் அண்ணன் அங்கேதான் இருப்பார்.