இரண்டாண்டுப் பாதைக்கு ஓராண்டுதான் கெடு

சென்ற ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் தோழி ஒருத்தியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிற அவள் மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். விண்ணப்பித்ததில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தந்திருந்தன. இரண்டும் வெளிமாநிலம், கட்டணம் அந்தக் குடும்பத்துக்கு எட்டாதது. "அப்போ கம்யூனிட்டி காலேஜ்தான்" என்றாள் பெண். தோழி என் பக்கம் திரும்பி, "நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள்.

நான் பெண்ணைக் கேட்டேன்: "என்ன படிக்கப் போற? எங்க போய் முடிக்கப் போற?"

"எகனாமிக்ஸ். எங்கங்கிறதை அப்புறம் பாத்துக்கலாம் ஆன்ட்டி, ரெண்டு வருஷம் இருக்கே."

அந்த இரண்டு வருஷம் அவளிடம் இல்லை. சமுதாயக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இது தெரியாமலேதான் உள்ளே நுழைகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

இந்தப் பாதை நல்ல நோக்கத்தோடு போடப்பட்டது. கலிஃபோர்னியா 1960இல் உயர்கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதை முன்நின்று உருவாக்கினார். பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு அந்தப் பல்கலைக்கழகம், அதாவது யு.சி.; முதல் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்; மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி. அங்கே இரண்டு ஆண்டு படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். பதினேழு வயதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையின் கணக்கை முடித்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான் இந்த ஏற்பாட்டுக்கு உயிர்.

இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்களின் அளவை யூனிட்டில் கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 2012க்குப் பிறகு அது ஏறவில்லை. மாறிச் செல்லத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. யு.சி.யிலோ ஓராண்டுக் கட்டணமே 15,000 டாலரை ஒட்டி வரும். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு இந்த 46 டாலர் கிடையாது, பல மடங்கு கட்ட வேண்டும். சென்னையிலோ கோவையிலோ ஏஜென்ட் யாராவது இதை 'மலிவு வழி' என்று சொன்னால், வெளிநாட்டு மாணவருக்கு யூனிட் என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.

இவ்வளவு இருந்தும் போய்ச் சேருகிறவர்கள் குறைவு. கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும் என்ற நோக்கத்தோடு சேர்ந்தவர்களில் நான்கு ஆண்டுகளுக்குள் மாறியவர்கள் 19 விழுக்காடு. ஆறு ஆண்டு கொடுத்தாலும் 28 விழுக்காடு. பிள்ளைகள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், வீட்டைத் தாங்குகிறவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு ஒரு பருவம் வீணாவது ஓராண்டுச் சம்பளம் வீணாவதற்குச் சமம். வீணாவதோ பெரும்பாலும் வழி தெரியாததால்தான்.

தோழி மகளின் நாள்காட்டியையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி தொடங்குகிறது. யு.சி.யில் இளநிலைப் படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறும், குறித்த பாடங்களைக் குறித்த மதிப்பெண்ணோடு முடித்தவருக்கு இடம் உறுதி என்று எழுதித் தருகின்றன. 'டேக்' என்று இதைச் சொல்வார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. டேக் கேட்பதற்கான காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்க முடியும். கேட்கும்போது கையில் 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும். வழக்கமான விண்ணப்பமும் அக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடும். ஆக, சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அவளுக்கு இரண்டு பருவமும் ஒரு கோடை விடுமுறையும்தான் மிச்சம். எங்கே போவது, எதைப் படிப்பது என்பது அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். முடிவானால் போதாது, அதற்கான பாடங்களில் பாதி நடந்தும் இருக்க வேண்டும்.

எந்தப் பாடங்கள் என்பதற்கு ஒளிவுமறைவு இல்லை. 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது. அன்று அதைத் திறந்தோம். ஊரிலேயே இருக்கும் ஓலோனி கல்லூரி, போக வேண்டிய இடம் டேவிஸ், பாடப்பிரிவு பொருளாதாரம் என்று கொடுத்ததும் திரை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் டேவிஸ் கேட்கும் பாடம்; வலப்பக்கம் அதற்கு ஈடாக ஓலோனி நடத்தும் பாடம். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், கால்குலஸில் இரண்டு பாடங்கள். பெண் தான் எழுதி வைத்திருந்த முதல் பருவப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உளவியல், சினிமா ரசனை, ஆங்கிலம், ஒரு பேச்சுக்கலை. கணக்கு இல்லை. "மேத்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக வரும் பாடம் கணக்கு. பொருளாதாரத்துக்கு அந்தச் சங்கிலி இரண்டு பருவம். பொறியியல் என்றால் கால்குலஸ் வரிசை முழுவதும், அதன் தோளில் ஏறி வரும் இயற்பியல் வரிசையும் சேரும். முதல் பருவத்தைக் கோட்டை விட்டவருக்கு இரண்டாண்டில் மாறுவது அநேகமாக நடக்காது.

இன்னொரு பள்ளம் கல்லூரிகளின் பருவமுறை. ஓலோனியில் ஆண்டுக்கு இரண்டு செமஸ்டர். குப்பர்ட்டினோவின் டி ஆன்சா கல்லூரியில் அதைவிடக் குறுகிய பருவங்கள் கொண்ட குவார்ட்டர் முறை. கால்குலஸை இங்கே பாதி, அங்கே பாதி என்று படித்தால் நடுவில் ஒரு துண்டு விடுபடும், அல்லது ஒரு துண்டை இரண்டு தரம் படிக்க நேரும். வரிசையை எங்கே தொடங்கினோமோ அங்கேயே முடிப்பது நல்லது. அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017இல் சொன்ன கணக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வரும்: 2004க்கும் 2009க்கும் இடையில் நாடு முழுக்கக் கல்லூரி மாறிய மாணவர்கள் தாங்கள் ஏற்கெனவே படித்ததில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தார்கள். பணம் கட்டி, பரீட்சை எழுதி, தேர்ச்சியும் பெற்ற பாடங்கள் அவை.

'முழுநேர மாணவர்' என்ற சொல்லும் ஏமாற்றும். பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தால் முழுநேரம். பல கல்லூரிகளில் முதல் இரண்டாண்டுக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் திட்டத்துக்கும் அந்த 12 போதும். ஆனால் நான்கு பருவத்துக்கு 12 என்றால் 48தான் வரும். 60க்குப் பருவத்துக்கு 15 வேண்டும், இல்லையென்றால் கோடையிலும் படிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கு இது. ஆனாலும் மூன்றாவது பருவத்தில் இதைக் கண்டுபிடித்துத் திகைத்து நிற்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அவசரமும் நம் வீடுகளில் உண்டு. பள்ளியில் படிக்கும்போதே சமுதாயக் கல்லூரிப் பாடங்களை எடுக்க வழி இருப்பதால், பத்தாம் வகுப்புக் கோடையில் பிள்ளையை இரண்டு மூன்று பாடங்களில் சேர்த்துவிடுகிறார்கள். கிடைக்கும் கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக ஏறுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பதினைந்து வயதில் விளையாட்டாக எடுத்த பாடத்தில் வந்த 'டி', பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது சராசரியில் வந்து உட்காரும்.

இதையெல்லாம் யார், எப்போது சொல்வது? பள்ளிக் கவுன்சலர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். இலையுதிர்காலம் முழுக்க அவர்கள் நான்காண்டுக் கல்லூரி விண்ணப்பங்களிலேயே மூழ்கியிருக்கிறார்கள். சமுதாயக் கல்லூரி என்ற பேச்சு ஏப்ரலில், எல்லாக் கதவும் சாத்திய பிறகு, ஆறுதல் வார்த்தையாகத்தான் எழுகிறது. வீட்டிலும் அப்படித்தான். தோழி கேட்ட அந்த 'நாலு பேர்' கேள்வியால் மனம் நோவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கேடு, அந்தக் கூச்சத்தால் பேச்சு கடைசி நாள் வரை தள்ளிப்போவது. தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் அந்த ஓராண்டுக் கெடுவிலிருந்துதான் கழிகிறது. இத்தனைக்கும் இது கௌரவம் குறைந்த பாதை அல்ல. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் இதே டி ஆன்சாவில் படித்துவிட்டுப் பெர்க்லிக்குப் போனவர்.

பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பாதியில், விருப்பம் உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லா மாணவருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அசிஸ்ட்டின் அந்த இரண்டு பத்திகளைத் திறந்து காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஹார்வர்டு கனவு காண்கிற பிள்ளையும் பார்க்கட்டும். போகிற இடத்தை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி முதல் பருவத்துக்கு வரும் பழக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் உதவும். பள்ளிகள் செய்யும் வரை வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் செய்யலாம். பெற்றோர்கள் அங்கே காத்திருக்கும் நேரமே போதும்.

உண்மையையும் மறைக்கக் கூடாது. பெர்க்லியில் கணினி அறிவியல்தான் வேண்டும் என்கிற பிள்ளையிடம், இந்த வழியில் அங்கே இடம் மிகக் குறைவு, உறுதியும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டேக் தருகிற வளாகங்களிலும் சில பாடப்பிரிவுகள் அதில் அடங்காது. முதலாண்டிலேயே விடுதி வாழ்க்கை, புது ஊர் என்று ஏங்குகிற பிள்ளைக்கு வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போவது ஒரு இழப்புதான். அதை இழப்பு என்றே ஒப்புக்கொண்டு பேசினால் பிள்ளையும் காது கொடுப்பாள்.

அன்று மேசையில் சினிமா ரசனையும் பேச்சுக்கலையும் பட்டியலிலிருந்து போயின. கால்குலஸும் நுண்ணினப் பொருளியலும் ஏறின. உளவியலை மட்டும் விட மாட்டேன் என்றாள்; அதுவும் பொதுப் பாடக் கணக்கில் சேரும் என்பதால் இருக்கட்டும் என்றோம். தோழி எழுந்து போய்க் குளிர்பெட்டியில் தொங்கிய மளிகைக் கடைக் காலண்டரைப் புரட்டினாள். அவளுக்கு வேண்டிய செப்டம்பர் அதில் இல்லை, அது அடுத்த வருஷத்தது. டிசம்பர் தாளின் ஓரத்தில், அமாவாசைக் குறிக்குப் பக்கத்தில், "அடுத்த செப். 1–30, டேக்" என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.