இருவர் ஆடிய ஆடல்

பிரெட் அஸ்டேர் என்னும் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்டுவோர் உலகெங்கும் உளர். அவரோடு பத்துப் படங்களில் ஆடிய ஜிஞ்சர் ரோஜர்ஸின் பெயரைச் சொன்னால், அவர்களுள் பலர் இலேசாகப் புன்னகை புரிவர். “அம்மையார் கொடுத்து வைத்தவர்” என்பர். அஸ்டேர் ஆடினார், ரோஜர்ஸ் உடனிருந்தார் என்பதே ஹாலிவுட் இசைப்படச் சுவைஞர் பலரிடம் நிலவும் தீர்ப்பு. பழைய தீர்ப்பு என்பதனால் அது நேரிய தீர்ப்பாகிவிடுமா?

அவர்கள் காட்டும் சான்றுகள் பொய்யல்ல. அஸ்டேர் தம் தமக்கை அடேலுடன் குழந்தைப் பருவம் முதலே மேடையில் ஆடித் தேர்ந்தவர். ரோஜர்ஸோ டெக்சாஸில் சார்ல்ஸ்டன் ஆடற்போட்டியொன்றில் வென்று மேடையேறியவர். அஸ்டேரும் ஹெர்மிஸ் பானும் வாரக்கணக்கில் உழைத்து ஆடலை அமைப்பர். பிறகே ரோஜர்ஸ் ஒத்திகைக்கு வருவார். காலடித் தாளத்தில் எலினார் பவல் அவரை விஞ்சியவர். பாலே பயிற்சியில் சிட் சாரிஸ் விஞ்சியவர். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆடல் என்பது காலடிக் கணக்கு மட்டுந்தானா?

1934இல் வெளிவந்த ‘தி கே டிவோர்சி’ படத்தைக் காண்க. கடற்கரை விடுதியொன்றின் ஆளற்ற கூடம். கோல் போர்ட்டரின் இசை. விடாது பின்தொடரும் ஆடவனை விட்டு விலக முற்படுகிறாள் தலைவி. அவன் வழி மறிக்கிறான், அவள் திரும்புகிறாள், மீண்டும் மறிக்கிறான். சில நிமிடங்களுக்குள் வெறுப்பு தயக்கமாகிறது; தயக்கம் இசைவாகிறது. ஆடல் முடிந்து அமர்ந்தவள் பேச்சிழந்து அவனை நோக்குகிறாள். இதில் அஸ்டேர் தொடக்கமுதல் இறுதிவரை ஒரே மனநிலையில்தான் இருக்கிறார். மாறுகின்றவர் ரோஜர்ஸ்! அந்த மாற்றமே கதை. உள்ளத்து நிகழ்வு உடல்வழிப் புலப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்னும். அதனை முதுகின் வளைவிலும் கழுத்தின் திருப்பத்திலும் காட்டியவரை ‘உடனிருந்தவர்’ என்பது எவ்வகை நீதி?

‘பிராட்வே மெலடி ஆஃப் 1940’ படத்தில் அஸ்டேரும் பவலும் ஆடுவதைப் பார்த்தால் வியப்பு மேலிடும். இரு வல்லுநர்கள் கால்களால் வழக்காடுகிறார்கள். ஆனால் அங்கே எவர் உள்ளமும் மாறுவதில்லை.

ரோஜர்ஸுக்காக வாதாடுவோரும் பிழைபடவே வாதாடுகின்றனர். அஸ்டேர் செய்ததையெல்லாம் அவர் பின்னோக்கியும், குதிகால் உயர்ந்த காலணியோடும் செய்தார் என்ற நகைச்சுவை, 1982இல் பாப் தேவ்ஸ் வரைந்த செய்தித்தாட் சித்திரத்தில் வந்தது. இன்றும் ஓயாமல் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அவருடைய இடர்ப்பாட்டைப் புகழ்கிறதேயன்றிக் கலையைப் புகழவில்லை. காலணியைக் கண்டவர் முகத்தைக் காணவில்லை. ‘சுவிங் டைம்’ (1936) படத்தின் பிரிவாடலை நாற்பதுக்கு மேற்பட்ட முறை படமெடுத்ததில் ரோஜர்ஸின் பாதங்களில் குருதி கசிந்தது என்பதும் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. திரையில் அவ்வலியின் சுவடே இல்லை. பிரிகின்ற ஒருத்தியின் துயர்தான் இருக்கிறது. போற்ற வேண்டியது எது?

இதற்கு அஸ்டேரே சான்று பகர்வார். ஆடுவோரின் உருவம் தலைமுதல் கால்வரை முழுமையாகத் தெரியவேண்டும், இடையில் வெட்டு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். தாம் மட்டுமே ஆடுவதாக அவர் எண்ணியிருந்தால், கேமராவைத் தம் பக்கம் திருப்பச் சொல்லுவதில் என்ன தடை?

‘கிட்டி ஃபோய்ல்’ படத்தில் நடித்தமைக்காக 1941இல் ஆஸ்கார் விருது பெற்றவர் ரோஜர்ஸ். 1949இல் ‘தி பார்க்லீஸ் ஆஃப் பிராட்வே’ படத்தில் இருவரும் இறுதியாக இணைந்தனர். அடுத்த ஆண்டு அஸ்டேருக்குச் சிறப்பு ஆஸ்கார் வழங்கப்பட்டது. அது அவர் ஒருவருக்கே உரிய விருது. மேடையில் அதனை எடுத்துக் கொடுத்தவர் ஜிஞ்சர் ரோஜர்ஸ்.