பேர்ல என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு...

ஊர் பேர், தெரு பேர் மாத்துறதைப் பத்தி எழுதினா போதும், "பேர்ல என்னங்க இருக்கு, போய் வேலையைப் பாருங்க" என்று ஒருத்தர் வந்துடுவார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

இத்தாலியில் திரியெஸ்தே துறைமுகத்தில் ஒரு பழைய கல்மேடை இருக்கு. கப்பல்கள் வந்து அணைவதற்காகக் கட்டியது, இன்று கடலுக்குள் 246 மீட்டர் நீள்கிறது. இப்போ சாயங்காலம் ஜனங்க காத்து வாங்கப் போற இடம். 1740-ல் சான் கார்லோ என்ற கப்பல் அங்கேயே மூழ்கிப்போச்சு. அதை வெளியே எடுக்காமல், அதையே அஸ்திவாரமாக்கி 1743-லிருந்து 1751 வரைக்கும் இந்த மேடையைக் கட்டினாங்க. அதனால பேரும் சான் கார்லோ. நியாயம்தானே, பாரம் சுமக்கிறவன் பேரைத்தானே வைக்கணும்?

அப்போ ஊர் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசர்கள் கையில். முதல் உலகப்போர் முடியும் நேரம், 1918 நவம்பர் 3-ம் தேதி, அவுதாச்சே என்ற இத்தாலியப் போர்க்கப்பல் அங்கே வந்து நின்றது. 1922-ல் மேடையின் பேர் 'மோலோ அவுதாச்சே' ஆயிடுச்சு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த பேர், ஒருநாள் வந்து நின்ன கப்பலுக்காகக் காலி!

அந்தக் கப்பலோட ஜாதகத்தையும் பாருங்க. ஜப்பானுக்காக ஸ்காட்லாந்தில் கட்ட ஆரம்பிச்சது. 1916-ல் இத்தாலி கைக்கு வந்தது. 1943-ல் ஜெர்மன்காரன் பிடுங்கி வேறு பேர் வெச்சான். 1944 நவம்பர் 1-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கடித்தன. இதுதான் தேசப் பெருமை :-)

இத்தாலி மொழி பேசின மக்களுக்கு அது பெரிய நாள்தான், மறுக்கலை. 1925-ல் மேடை முனையில் நினைவுக்கு ஒரு வெண்கலத் திசைகாட்டி வெச்சாங்க. அதோட நிறுத்தியிருக்கலாமே?

"கல்லுக்குப் பேர் மாறினா யாருக்கு நஷ்டம்?" என்பீங்க. அதே ஊரில் ஸ்லோவீனியர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாங்க. 1920 ஜூலை 13-ல் அவங்களோட நரோத்னி தோம் என்ற பண்பாட்டு மன்றத்தைப் பாசிஸ்டுகள் கொளுத்தினாங்க. 1927-ல் அவங்க குடும்பப் பேர்களையே இத்தாலியப் பேராக மாத்தும் சட்டம் அந்தப் பகுதிக்கும் வந்தது. மேடைக்குப் பேர் மாத்தினவங்களும் இவங்களும் ஒரே ஆளுங்கன்னு சொல்ல வரலை. ஆனா ரெண்டுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒண்ணுதான்: நமக்கு முன்னாடி இங்க வேற யாரும் இல்லை.

நரோத்னி தோமை ஸ்லோவீனியர்களிடம் திருப்பித் தர 2020-ல் கையெழுத்தாச்சு. மேடை மட்டும் இன்னும் அவுதாச்சேதான். உங்க அப்பா வெச்ச பேரை அடிச்சிட்டு ஒரு குமாஸ்தா வேற பேர் எழுதிக் கொடுத்தா, அப்பவும் "பேர்ல என்னங்க இருக்கு"ன்னு சொல்வீங்களா?